நாகம்மை மைனி குடியிருந்த சாய்ப்பு

நாகம்மை மைனியைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவளுடைய தொண்டையைச் சொல்ல வேண்டும். கொட்டாரம் சந்தையின் ஒரு முனையில் நின்று அவள் கத்திரிக்காய்க்கு விலை கேட்டால், மறு முனையில் புளி நிறுத்துக்கொண்டிருப்பவன் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பான். சிரித்தாலும் அதே சத்தம்தான். அவள் என் அண்ணன் நாராயணபெருமாளின் மனைவி. நான் அவளுக்கு நாத்தனார். எங்களுக்குள் நடந்த சண்டைகளுக்கு ஒரு அளவே கிடையாது. நாத்தனார் என்று ஒருத்தி இருந்தால் சண்டை போடாமல் கும்பிட்டுக்கொண்டா இருப்பாள்? என் வாயும் சின்ன வாய் இல்லை. செல்லக்கனி வாயைத் திறந்தால் தெரு அடங்கும் என்று எனக்கு ஊரில் பெயர். ஆனால் நான் இப்போது சொல்லப்போவது அந்தச் சண்டைகளை அல்ல. ஒரே ஒரு தடவை நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அண்ணனுக்குக் கொட்டாரத்தில் பலசரக்குக் கடை. ஊருக்குக் கிழக்கே கொஞ்சம் வயலும் உண்டு. மைனி தோவாளையில் இருந்து பதினாறு வயதில் வாழ வந்தவள். நான்காவது வருடம் ஒரு ஆண் பிள்ளை பிறந்தது. பிறந்து அழவே இல்லை. பிறகு ஒரு பெண். மூன்று வயது வரைக்கும் தெருவெல்லாம் ஓடித் திரிந்தது. வைசூரி வந்த வருடம் அதுவும் போயிற்று. அதற்கப்புறம் அவள் வயிறு திறக்கவில்லை. நாகர்கோவில் நாகராஜா கோயிலுக்கு ஒவ்வொரு ஆவணி ஞாயிற்றுக்கிழமையும் பாலும் மஞ்சளும் கொண்டு போவாள். ஒரு வருடம்கூட விட்டதில்லை. நான் அதே தெருவில் மூன்றாவது வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். எனக்கு நான்கு பிள்ளைகள். அந்த நான்கையும் அவள்தான் குளிப்பாட்டினாள். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. மாதத்தில் அந்த மூன்று நாளும் பெண் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. வீட்டின் பின்பக்கம், மாட்டுத் தொழுவத்தை ஒட்டி, ஓலை வேய்ந்த ஒரு சாய்ப்பு இருக்கும். அங்கே அவளுக்கு ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு செம்பு. அடுக்களையையும் நெல்லையும் தொடக் கூடாது, கோயில் பக்கம் போகக் கூடாது. நாலாம் நாள் காலையில் தெருவுக்குத் துணி வெளுக்கிற பூங்கனி வருவாள். அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டு, வெளுத்த மாற்று ஒன்று தருவாள். அதை உடுத்து வாய்க்காலில் தலைமுழுகிவிட்டு வந்தால்தான் வீட்டுக்குள் நுழையலாம். ஆகவே எங்கள் தெருவில் இது ஒரு ரகசியமே இல்லை. எந்த வீட்டுச் சாய்ப்பில் யார் இருக்கிறாள், யார் இந்த மாதம் இன்னும் போய் உட்காரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த வீட்டுப் பையனுக்கும் தெரியும், எதிர்வீட்டுக் கிழவனுக்கும் தெரியும். வெட்கக்கேடு என்றால் இதுதான். ஆனால் அப்போது எங்களுக்கு அது வெட்கமாகத் தோன்றவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருடம் ஆனி மாதத்தில் மைனி சாய்ப்புக்குப் போனாள். அடுத்த மாதம் போகவில்லை. அப்போது அவளுக்கு நாற்பது வயது. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. மைனி யாரிடமும் பேசாமல் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு நடந்தாள். அண்ணன் கடையில் இருந்து அவளுக்காக நெல்லிக்காய் ஊறுகாய் கொண்டு வந்தான். ஐப்பசி வந்தது. வயிறு அப்படியே ஒட்டிக் கிடந்தது. அப்புறம் அந்தச் சூடு ஆரம்பித்தது.

“ஏட்டி செல்லம், அந்த விசிறிய இஞ்ச எடு. மேலெல்லாம் தீ பத்துகு.”

“மார்கழி மாசத்துல என்ன மைனி தீ? நாங்க எல்லாம் போத்திட்டு நடுங்குகோம்.”

“உனக்கு வரும்பம் தெரியும். போட்டீ.”

உட்கார்ந்திருக்கும்போதே முகம் சிவக்கும். நெற்றியில் முத்து முத்தாக வேர்க்கும். ஐந்து நிமிடத்தில் குளிர்கிறது என்று சேலையை இழுத்துப் போர்த்துக்கொள்வாள். தூக்கம் இல்லை. நெஞ்சு படபடவென்று அடிக்கும். முட்டு இரண்டும் வலிக்கும். காரணமே இல்லாமல் அழுவாள். நான் என்ன என்று கேட்டால் என்மேல் பாய்வாள். வைத்தியர் நாடி பார்த்துவிட்டுப் பித்தம் என்றார், நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். வாய்க்கால் கரையில் பெண்களிடம் அவளைப் போல விசிறிக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். பத்து வருடம் கழித்து அதே சூடு எனக்கும் வந்தது. விசிறியும் கையுமாக நான் உட்கார்ந்தபோது என்னைப் பார்த்துச் சிரிக்க அவள் இல்லை.

அவளுக்கு இனி வராது என்று முதலில் வாய்விட்டுச் சொன்னது நான்தான். தாழக்குடியில் என் புருஷனின் சித்தப்பா மகள் ஒருத்தி இருந்தாள். பத்தொன்பது வயது. அப்பா இல்லாத பெண். அவளை அண்ணனுக்கு இரண்டாவதாகக் கட்டிவைக்க, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நானே போனேன்.

“அண்ணா, மைனிக்கு முடிஞ்சு போச்சு. இனி எத்தன பால் விட்டாலும் நாகரு கண்ணத் தொறக்கப் போறதில்ல. ஒங்களுக்க பேரு சொல்ல ஒரு புள்ள வேண்டாமா?”

அண்ணன் சாக்கில் இருந்த மல்லியை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டே இருந்தான். அவன் நல்லவன். ஆனால் நல்லவன் என்றால் எல்லோருக்கும் தலையாட்டுகிறவன் என்று அர்த்தம். எனக்கும் ஆட்டினான்.

பேச்சு முற்றி நாள் குறிக்கிற இடத்துக்கு வந்ததும் மைனிக்குத் தெரிந்தது. அவள் அன்று அழவில்லை. என்னையும் அண்ணனையும் நடுவீட்டில் நிற்கவைத்து, விளக்கைக் காட்டிக் கேட்டாள்.

“ஆவணிக்குத்தான நாள் வச்சிருக்கிய? வைங்க. அதுக்கு முந்தி நான் சாய்ப்புல போயி இருந்தேன்னா, இந்தப் பேச்ச இந்த வீட்டுல ஒருத்தரும் எடுக்கப்பிடாது. போயி இருக்கல்லேண்ணா, வாறவளுக்கு ஆரத்தி நான் எடுக்கேன். இது சத்தியம். நீங்க சொல்லுங்க.”

அண்ணன் விளக்கைத் தொட்டுச் “செரி நாகு” என்றான். நானும் சரி என்றேன். ஒரு வருடமாக வராதது இனியா வரப்போகிறது என்ற தைரியம் எனக்கு.

ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை. நான் முற்றத்தில் வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வீடு தாண்டி அந்தத் தொண்டை கேட்டது.

“ஏ செல்லக்கனீ! ஏட்டி செல்லக்கனீ! எனக்குத் தூரம் ஆயிட்டுட்டீ!”

இப்படி ஒரு காரியத்தை ஒருத்தி தெருவுக்குக் கேட்கும்படி கூவி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். சாய்ப்பின் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. கண்ணில் இருந்து பொலபொலவென்று கொட்டுகிறது, துடைக்கவும் இல்லை. எதிர்வீட்டுப் பெண்கள் எல்லாம் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். “கொள்ளாம் நாகம்மை! எளமை திரும்பிட்டு!” என்றாள் ஒருத்தி. அண்ணன் கடையை அடைத்துவிட்டு வந்தான். உளுந்தும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கொண்டு வந்து, தொடாமல், சாய்ப்புக்கு வெளியே தரையில் வைத்துவிட்டு ஒரு ஓரமாக நின்றான்.

கல்யாணம் நின்றது. தாழக்குடிக்குச் சொல்லி அனுப்பியது நான்தான். என் புருஷன் வீட்டார் என்னைப் பேசிய பேச்சு இருக்கிறதே, அதைக் காதில் வாங்கிக்கொண்டு உயிரோடு இருந்ததே பெரிது. பந்தல்காரனுக்குச் சொல்லியாயிற்று, சேலை எடுத்தாயிற்று, இப்போது கிழவிக்குத் தூரம் வந்துவிட்டது என்று கல்யாணத்தை நிறுத்துகிறாயா என்று கேட்டார்கள். என் முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் கோபம் எல்லாம் மைனிமேல் திரும்பியது. சும்மா சொல்லக் கூடாது, கொஞ்ச நாள் நான் அவளை வெறுத்தேன்.

அந்த ஆவணியில் மைனி நாகராஜா கோயிலுக்குப் போக முடியவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை சாய்ப்பில் இருந்தாள். இரண்டாவது ஞாயிற்றுக்குப் போகலாம் என்று குளித்து உள்ளே வந்தவள், சனிக்கிழமை சாயங்காலமே மறுபடியும் சாய்ப்புக்குப் போய்விட்டாள். மூன்றாவது ஞாயிறும் அப்படியே. “அடுத்த ஞாயிறு போறேன். தந்தவரு எங்க போயிரப் போறாரு?” என்று சிரித்தாள். ஒரு வாரம் விட்டு ஒருமுறை என்றிருந்தது, நாலு நாள் ஆனது. மூன்று நாள் இருந்தவள் பத்து நாள் இருந்தாள். தெருப் பெண்களுக்கு இதற்கும் விளக்கம் இருந்தது. ஒரு வருடமாக அடைபட்டுக் கிடந்தது எல்லாம் போக வேண்டாமா, போகட்டும், வயிறு சுத்தமானால் சீக்கிரம் தங்கும் என்றார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். சாய்ப்பின் வாசலில் தோவாளையில் இருந்து ஒரு பிச்சிக் கொடி கொண்டு வந்து நட்டாள். ஓலையில் ஒரு கண்ணாடியைச் சொருகி வைத்தாள். “இங்கயே குடி வச்சாச்சு போல” என்று நான் குத்தலாகச் சொன்னேன். அவள் குரலும் அந்த மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டு வந்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, கர்வம் வந்துவிட்டது, அதனால்தான் மெதுவாகப் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் பூங்கனி என் வீட்டுப் பின்பக்கம் வந்து நின்றாள். துணி எடுக்கிற நாள் இல்லை. கையில் மூட்டையும் இல்லை.

“அம்மா, ஒரு காரியம் சொல்லணும். கோவப்படப்பிடாது.”

“சொல்லு.”

“நாகம்மையம்மைக்க துணி...” என்று இழுத்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள். “முப்பது வருசமா இந்தத் தெருவுக்குத் துணி எடுக்கேன். தீட்டுத் துணி எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? இது தீட்டு இல்லம்மா. தீனம். நோயாக்கும். கஞ்சி வெள்ளம் மாதிரி ஒரு நீரு. சீத்த நாத்தம். உவர்மண்ணு போட்டு ரெண்டு தடவ அவிச்சேன், போகல்ல. தெக்குத் தெருவுல ஒரு அம்மைக்கு இப்பிடித்தான் இருந்தது. ஒரு வருசம் இருக்கல்ல.”

“அவட்ட சொன்னியா?”

“சொன்னேன். எனக்க முன்னால கையெடுத்துக் கும்பிட்டு அழுதா. வெளிய தெரிஞ்சா தாழக்குடிப் புள்ளையக் கொண்டு வந்திருவாவ, சொல்லாத பூங்கனீன்னு சத்தியம் வாங்கிட்டா. அந்தச் சத்தியத்த முறிச்சுட்டுத்தான் வந்து நிக்கேன். ஒரு வண்டி பிடிச்சு மிசன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க அம்மா. இப்பம் போனா ஏதாவது செய்வாவ.”

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயம் தோன்றியது உண்மை. ஆனால் அதற்கு மேலே இன்னொன்று தோன்றியது. இதை நான் போய் அண்ணனிடம் சொன்னால் அவன் என்ன நினைப்பான்? தெரு என்ன சொல்லும்? கல்யாணம் நின்ற ஆங்காரத்தில் செல்லக்கனி, மைனிக்கு வந்த நல்லதை நோய் என்று சொல்கிறாள் என்று சொல்லும். மைனி என் முகத்துக்கு நேரே அதைச் சொல்லுவாள். அந்தப் பேச்சைக் கேட்க எனக்கு மனமில்லை. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று நான் எத்தனையோ நாள் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

அந்தக் கோபத்தையும் பூங்கனிமேலேயே காட்டினேன்.

“நாக்க அடக்குட்டி மூதி! நல்ல காரியம் நடக்க வீட்டுல நாத்தம் கீத்தம்னு அவசொல்லு சொல்லிட்டு வாறா. உனக்கு வெளுக்கத்தான சொல்லியிருக்கு? வைத்தியம் பாக்கவா சொல்லியிருக்கு? இன்னொருக்க இந்தப் பேச்சு உனக்க வாயில வந்ததுன்னா இந்தத் தெருவுல நீ காலெடுத்து வைக்க முடியாது.”

பூங்கனி நின்று என்னைப் பார்த்தாள். பிறகு தென்னை மரத்தடிப் பக்கமாக நடந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு துணியைப் பற்றித் தவிர வேறு ஒரு பேச்சும் அவள் என்னிடம் பேசியதில்லை.

கார்த்திகைக்குப் பிறகு மைனி வீட்டுக்குள் கால் வைக்கவே இல்லை. ஒரு நாள் நின்றால் மறுநாள் கண்டுவிடும். அண்ணன் தானே பொங்கிச் சாப்பிட்டான். சில நாள் நான் கொண்டு போய்க் கொடுத்தேன். அவளுக்கும் சாய்ப்பு வாசலில் வைத்துவிட்டு வருவேன். பாதிச் சோறு அப்படியே இருக்கும். “முதுகு கடுக்குகு மக்கா. கால் ரெண்டும் இழுக்குகு” என்பாள். இதற்கு முன் என்னை மக்கா என்று அவள் கூப்பிட்டதே கிடையாது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்ததா? இல்லை.

தை மாதத்தில் தாழக்குடிப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு வடசேரியில் ஜவுளிக் கடை. நான் போய் இரண்டு நாள் இருந்து, சாப்பிட்டுவிட்டு வந்தேன். என் புருஷன் வீட்டாருக்கும் எனக்கும் இருந்த மனத்தாங்கல் அத்தோடு தீர்ந்தது. திரும்பி வந்த அன்றைக்கு மைனிக்குக் கஞ்சி கொண்டு போனேன். அவள் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“தாழக்குடிப் புள்ள இப்பமும் வீட்டுலதான் இரிக்காளா?”

கல்யாணச் சாப்பாட்டின் மணம்கூட என் கையை விட்டுப் போகவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கு இனி ஒளிக்க ஒன்றும் இல்லை, யாரிடமும் சொல்லி அழலாம், ஆஸ்பத்திரிக்கும் போகலாம். ஆனால் எனக்கு அப்போது ஒரு குரூரம் இருந்தது. என்னை ஊர் முன்னால் தலைகுனிய வைத்தாளே, கொஞ்ச நாள் பயந்துகொண்டு கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

“எனக்கென்ன தெரியும்? இருப்பா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாசியில் கும்பப்பூ அறுப்பு. களத்தில் நெல் வந்து குவிந்தது. புத்தரிசி பொங்குகிற நாளுக்கு முந்தின தினம் மைனிக்கு இரண்டு நாளாக ஒரு துளிகூடக் காணவில்லையாம். குளித்துவிட்டு உள்ளே வந்து தன் கையால் உலை வைக்க வேண்டும் என்று ஆசை. பூங்கனியிடம் மாற்று வாங்கி உடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வாய்க்காலுக்கு நடந்து போயிருக்கிறாள். பூங்கனி கூவுகிற சத்தம் கேட்டு நான் ஓடினேன். மைனி படியில் சரிந்து கிடந்தாள். பூங்கனி அவள் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். வெளுத்த மாற்றில் வெளுப்பு என்று ஒரு இடம் மிச்சமில்லை. படியைச் சுற்றித் தண்ணீர் எல்லாம் சிவந்து ஓடியது. நான் தூக்கியபோது அவள் கனமே இல்லை. என் மூத்த மகள் அவளைவிடக் கனம் இருப்பாள். கிட்டே போனபோது அந்த நாற்றம் எனக்கு அடித்தது.

வில்வண்டி கட்டி மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. சத்தியபாய் என்ற நர்சம்மாவும் டாக்டரம்மாவும் உள்ளே கொண்டு போய்ப் பார்த்தார்கள். நர்சம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

“இவியளுக்கு மாசக் குளி எப்பம் நின்னுது?”

“முந்தின வருசம் ஆனியில” என்றேன்.

“பிறகு எப்பம் கண்டுது?”

“போன ஆடியில. பதிமூணு மாசம் கழிச்சு. நாங்க எல்லாரும்...” சந்தோஷப்பட்டோம் என்று சொல்ல வந்தேன். வாயில் வரவில்லை.

நர்சம்மா கையைத் துடைப்பதை நிறுத்தினாள். “ஒரு வருசம் நின்ன பிறகு ஒரு துளி கண்டாலும் அண்ணைக்கே இங்க வரணும் அம்மா. அது திரும்பி வாறது இல்ல. கர்ப்பப்பை வாயில புத்து. இப்பம் அடிவயிறு முழுக்கப் படர்ந்து போச்சு, கத்தி வைக்க வழியில்லேன்னு டாக்டரம்மா சொல்லுகாவ. வலிக்கு மருந்து தருவாவ. ஏழு மாசம் வீட்டுல வச்சிருக்கியளே, இந்த வாடை ஒருத்தருக்குமா தெரியல்ல?”

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

“ஒருத்தருக்கும் தெரியல்ல” என்றேன் நான்.

திரும்பி வரும்போது மைனி வண்டியில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். அண்ணன் வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தான். ஏறச் சொன்னால் ஏறவில்லை. சுசீந்திரம் தாண்டியதும் அவள் கேட்டாள். குனிந்து காதை வைத்தால்தான் கேட்கிறது.

“டாக்டரு என்ன சொன்னா?”

“ரத்தம் கொறவாம் மைனி. மருந்து தந்திரிக்கு.”

“புள்ளைக்கு வழி உண்டுமாமா?”

“உண்டு.”

“பாத்தியா” என்றாள். கொஞ்சம் சிரித்தாள்.

வீடு வந்ததும் நான் அவளை முன்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் வாசற்படியில் காலை ஊன்றி நின்றுவிட்டாள். “தீட்டோட உள்ள வரமாட்டேன். நாலு நாளு ஆகட்டும். குளிச்சிட்டு வாறேன்” என்று சாய்ப்புப் பக்கம் திரும்பினாள். அது தீட்டு இல்லை என்று சொன்னால் வருவாள். ஆனால் அதைச் சொன்னால் பிள்ளை இல்லை என்றும் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. அண்ணனாலும் முடியவில்லை. அவள் போய்த் தன் பாயில் படுத்துக்கொண்டாள். பிச்சிக் கொடி நன்றாகப் படர்ந்து ஓலைமேல் ஏறியிருந்தது.

சித்திரையில் ஒருநாள், அவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, நான் கூப்பிட்ட வைத்தியரைப் பார்க்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். கடைசியில் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

“எதுக்கு மைனி இன்னும் பயப்படுகிய? தாழக்குடிப் புள்ளைக்குக் கல்யாணம் ஆயிட்டு. தையிலேயே ஆயிட்டு.”

அவள் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“தையிலயா?”

“ஆமா.”

“அப்பம் நான் இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் தெரியாம வாயில துணிய வச்சிட்டு அழுதது...” என்று நிறுத்தினாள். “உனக்கு எப்பம் தெரியும் செல்லம்?”

“நேத்தைக்குத்தான் ஆள் வந்து சொன்னா.”

அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. என் கையைப் பிடித்து, “போகட்டு. உனக்க பிள்ளையள கூட்டிட்டு வா. தள்ளி நிண்ணு பாக்கேன்” என்றாள். நான்கு பிள்ளைகளும் வந்து தொழுவத்துக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். கிட்டே வராதே, தீட்டு என்று அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். என் பிள்ளைகளைக் குளிப்பாட்டிய கை அது. எனக்கு அன்று வந்த அழுகையை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டேன்.

வைகாசி பதினாலாம் தேதி பட்டப்பகலில், அண்ணன் அவளுக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது போய்விட்டாள். அண்ணன் அன்றுதான் முதல்முதலாக அந்தச் சாய்ப்புக்குள் நுழைந்து அவளைத் தொட்டான்.

தெருப் பெண்கள் எல்லாம் வந்தார்கள். ஒப்பாரி வைத்தார்கள். எடுத்து நடுவீட்டில் கிடத்தி விளக்கு வைக்க வேண்டும் என்றபோது ஒருத்தரும் கை கொடுக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரி, அன்று வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து இளமை திரும்பிவிட்டது என்றாளே அவள்தான், என் காதருகில் வந்து சொன்னாள்.

“தீட்டோட செத்தவள நடுவீட்டுல கெடத்தப்பிடாது செல்லக்கனி. வீட்டுக்கு ஆகாது. பின்வழியாவே எடுத்துருவோம்.”

எனக்குள் என்னவோ அறுந்தது.

“ஏட்டி! அது தீட்டு இல்லட்டி! தீனம்! கேட்டுதா? எல்லாரும் கேளுங்க! எனக்க மைனிக்கு வந்தது தீட்டு இல்ல. தீனம்! தீனம்!”

எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. ஒப்பாரி நின்றுவிட்டது. தெருவில் நின்ற ஆண்கள் திரும்பினார்கள். அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அப்போதுதான் தென்னை மரத்தடியில் பூங்கனி நிற்பதைக் கண்டேன். இறந்தவளுக்குப் போர்த்துகிற வெளுத்த மாற்றை மடித்துக் கையில் வைத்திருந்தாள். ஐப்பசி மாதம் என் வீட்டுப் பின்பக்கம் நின்று பார்த்த அதே பார்வையைப் பார்த்தாள். நான் கத்தியது அவளுடைய சொல். ஒரு எழுத்துக்கூட மாறாமல் அவளுடைய சொல்.

என் ஒரு சத்தத்துக்கு எல்லோரும் வழிவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரியே முதலில் வந்து காலைப் பிடித்தாள். ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை. ஏன், எப்படி என்று ஒருத்தரும் கேட்கவும் இல்லை. அவ்வளவு சுலபமாக இருந்தது.

பூங்கனி நீட்டிய மாற்றை நான் வாங்கிப் போர்த்தினேன். ஆறு மாதத்துக்குப் பிறகு மைனி தன் வீட்டுக்குள் வந்தாள்.